நந்தா தேவியா, கஞ்சன்ஜங்காவா, எவரெஸ்ட்டா? சேலத்திலிருந்து முதல் பெருமலைப் பயணம்

ஞாயிறு காலை ஆறு மணிக்குள் ஏற்காடு அடிவாரத்துக்குப் போனால் பழகிய முகங்களைப் பார்க்கலாம். சைக்கிளில் ஏறுபவர்கள், ஓடுபவர்கள், முதுகில் பையோடு நடப்பவர்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஓர் இளைஞர் டீ ஆறுவதற்குள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்: "அண்ணா, இமயமலைக்கு ஒரு முறையாவது போக வேண்டும். கிடைக்கப்போவது ஒரே ஒரு நீண்ட விடுப்பு. எந்தச் சிகரத்தைப் பார்க்கப் போகலாம்?"

சுற்றி வளைத்து மூன்று பெயர்களில்தான் வந்து நிற்பார்கள்: நந்தா தேவி, கஞ்சன்ஜங்கா, எவரெஸ்ட். இவற்றின் உச்சியில் ஏறுவதைப் பற்றிய பேச்சு இல்லை இது. அது பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் வேறு உலகம். கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல், நடந்தே போய் அந்தச் சிகரத்தின் எதிரே நிற்பதைப் பற்றித்தான் சொல்கிறேன். நந்தா தேவியைக் காண உத்தராகண்டின் குவாரி பாஸ் கணவாய், கஞ்சன்ஜங்காவுக்கு சிக்கிமின் கோச்சாலா கணவாய், எவரெஸ்ட்டுக்கு நேபாளத்தில் அதன் அடிவார முகாம். மூன்று வழிகளிலும் நான் நடந்திருக்கிறேன். ஒன்றில் பாதி வழியில் இறங்க வேண்டியிருந்தது. அதையும் சொல்கிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது?

பெரும்பாலோர் சிகரத்தின் உயரத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். சிகரம் எவ்வளவு உயரம் என்பது உங்கள் உடம்புக்குத் தெரியாது. நீங்கள் இரவில் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். ஆகவே தூங்கும் உயரத்தையும், அந்த உயரத்துக்கு எத்தனை நாளில் ஏறுகிறோம் என்பதையும் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி சுமார் 1,620 மீட்டர். இந்த ஏற்றம் தொடைக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் உயரம் தரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஏற்காட்டை நூறு முறை ஏறி இறங்கியவருக்கும் அந்த நோய் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. எந்தப் பயணத் திட்டத்தையும் முதலில் இந்த விதியோடு ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி வீடு திரும்பும்வரை ஆகும் நாட்கள். மூன்றாவது, சிகரம் உண்மையில் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பது. நான்காவது, விளம்பரத்தில் வராத செலவுகள். ஐந்தாவதாக நான் வைப்பதைச் சிலர் அளவுகோலாகவே ஏற்க மாட்டார்கள்: அந்த மலையில் ஏறியவர்களின் கதை. அது தெரியாமல் போனால் ஒரு வெள்ளை முக்கோணத்தைப் பார்த்துவிட்டு வருவோம். தெரிந்து போனால் ஒவ்வொரு முகடும் ஒரு பெயரோடு நிற்கும்.

| | குவாரி பாஸ் | கோச்சாலா | எவரெஸ்ட் அடிவார முகாம் |
|---|---|---|---|
| எதிரே நிற்கும் சிகரம் | நந்தா தேவி, 7,816 மீ | கஞ்சன்ஜங்கா, 8,586 மீ | எவரெஸ்ட், 8,849 மீ |
| நாம் தொடும் அதிக உயரம் | 4,000 மீட்டருக்குள் | முதல் காட்சிமுனை, சுமார் 4,600 மீ | காலா பத்தர், சுமார் 5,550 மீ |
| நடக்கும் நாட்கள் | 5 அல்லது 6 | 8 முதல் 10 | 12 முதல் 14 |
| ரயிலில் போனால் மொத்த விடுப்பு | சுமார் 13 நாள் | சுமார் 16 நாள் | 20 நாளுக்குக் குறையாது |
| தங்குவது | கூடாரம் | கூடாரம், மரக்குடில் | கட்டில் உள்ள விடுதி |
| நல்ல பருவம் | ஏப்ரல்–ஜூன், அக்டோபர்–டிசம்பர் | ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் | மார்ச்–மே, அக்டோபர்–நவம்பர் |

நந்தா தேவி: குவாரி பாஸ் வழி

முழுக்க இந்திய எல்லைக்குள் நிற்கும் சிகரங்களில் உயரமானது இதுதான். கஞ்சன்ஜங்காவின் மறுபக்கம் நேபாளத்துக்குச் சொந்தம். ஆனால் நந்தா தேவியின் பெருமை உயரத்தில் இல்லை, அது அமர்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆறாயிரம், ஏழாயிரம் மீட்டர் சிகரங்கள் மதில்போல் வளைந்து நிற்க, நடுவே அது தனியாக இருக்கிறது. அந்த மதிலில் இருக்கும் ஒரே வாசல், ரிஷி கங்கை அறுத்துக்கொண்டு வெளியேறும் செங்குத்தான பள்ளத்தாக்கு.

1883 முதல் அந்த வாசலில் முட்டித் திரும்பியவர்கள் பலர். ஆங்கிலேய மலையேறி டாம் லாங்ஸ்டாஃப் 1905-ல் மதில்மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். 1907-ல் பக்கத்துத் திரிசூல் சிகரத்தின் (7,120 மீட்டர்) உச்சியையே தொட்டார். உள்ளே இறங்க அவருக்கும் வழி கிடைக்கவில்லை. கடைசியில் 1934-ல் அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து உள்ளே கால்வைத்தவர்கள் ஐந்தே பேர்: எரிக் ஷிப்டன், பில் டில்மன், ஆங் தார்க்கே, பாசாங், குசாங். முதல் இருவர் ஆங்கிலேயர்கள், கடைசி மூவரும் ஷெர்பா என்ற இமயமலை இனத்தவர். "ஷிப்டனும் டில்மனும் கண்டுபிடித்தார்கள்" என்று சொல்லி முடித்துவிடுபவர்களை நான் விடுவதில்லை. பாறை விளிம்புகளில் சுமையை மாற்றி மாற்றிக் கடத்திய கைகளில் பாதிக்கு மேல் இந்த மூவருடையவை.

இரண்டு ஆண்டு கழித்து, 1936 ஆகஸ்ட் 29 அன்று, டில்மனும் நோயல் ஓடெல்லும் உச்சியை அடைந்தார்கள். டில்மனின் இடத்தில் ஏறியிருக்க வேண்டியவர் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்கர். மேல் முகாமில் டின்னில் அடைத்த இறைச்சி கெட்டுப்போயிருந்ததால் வயிற்றுக்கு ஒவ்வாமல் இறங்கிவிட்டார். ஓடெல்லுக்கு அப்போது 45 வயது. 1924-ல் எவரெஸ்ட்டின் மேல்முகட்டில், பிறகு திரும்பி வராத மேலரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்ணால் கண்டவர் இவர்தான். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அவர்கள் தொட்ட இந்த உச்சிதான், 1950-ல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதன் அடைந்த மிக உயரமான சிகரமாக இருந்தது.

பின்னர் வந்த கதைகள் கனமானவை. 1951-ல் பிரதான உச்சியிலிருந்து கிழக்கு உச்சிக்கு முகட்டின் வழியே போக முயன்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பவே இல்லை. 1965 மே மாதம் எவரெஸ்ட்டில் ஒன்பது இந்தியர்களை ஏற்றிய குழுவின் தலைவர் எம். எஸ். கோலி, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இந்திய, அமெரிக்க உளவுத்துறைகளின் கூட்டுப் பணியில் நந்தா தேவிக்கு வந்தார். சீனாவின் அணுச் சோதனைகளைக் கண்காணிக்க, புளூட்டோனியத்தில் இயங்கும் கருவி ஒன்றை மேலே வைப்பது திட்டம். வானிலை கெட்டது. கருவியைப் பாதி வழியில் வைத்துவிட்டு இறங்கினார்கள். மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. 1976-ல், இந்த மலையின் பெயரையே தாங்கி வளர்ந்த நந்தா தேவி அன்சோல்ட் என்ற அமெரிக்கப் பெண் மேல் முகாமில் தந்தையின் கண்முன் இறந்தார்.

குழுக்கள் பெருகப் பெருக உள்ளே குப்பை சேர்ந்தது, விறகுக்கு மரம் வெட்டப்பட்டது, விலங்குகள் குறைந்தன. 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவித்து, 1983 முதல் உட்பகுதியை மூடினார்கள். 1988-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆகவே நமக்கு வாய்த்தது மதிலுக்கு வெளியிலிருந்து பார்ப்பது மட்டுமே. எனக்கு இதில் குறையே தெரியவில்லை. நாம் நடக்கும் குவாரி பாஸ் வழியும் வெறும் சுற்றுலாப் பாதை இல்லை. ராணிகேத்திலிருந்து நடந்து வந்த ஷிப்டன் குழு ஜோஷிமட்டுக்குப் போகக் கடந்த கணவாய் இது.

நந்தா தேவியைப் பார்க்க வேண்டியது மாலையில். வழியில் வரும் கோர்சன் புல்வெளியிலிருந்து அது தென்கிழக்கே இருப்பதால் காலையில் கறுத்த உருவமாகத்தான் தெரியும். பலர் விடியலில் எழுந்து ஏமாந்துபோய்த் தூங்கிவிடுகிறார்கள். நான் போனபோது மாலை ஐந்து மணிக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் நிழல் நிரம்பிவிட்டது. நிழல் மேலேறிக்கொண்டே வந்து ஒவ்வொரு சிகரத்தையும் சாம்பல் நிறமாக்கியது. கடைசியில் நந்தா தேவியின் இரட்டை உச்சி மட்டும் ஊதிய கரிபோல் சிவந்து நின்றது. எங்கள் வழிகாட்டி, பக்கத்து ஊர்க்காரர், சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அந்தப் பகுதி மக்களுக்கு நந்தா வீட்டுப் பெண். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை அவளைப் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு ஊரே கூடி அழைத்துப் போகும் யாத்திரை உண்டு. அது முடிந்து திரும்பும்போது பெண்கள் அழுவார்கள் என்றார் அவர். சேர்வராயனைக் குலதெய்வமாகக் கும்பிடும் மலைக் கிராமத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ஒன்றரை நாள். அங்கிருந்து ரிஷிகேஷ். பிறகு அலக்நந்தாவை ஒட்டி சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை. மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம், மற்ற மாதங்களிலும் சாலைப் பணிக்காக வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டின் வீடுகளில் விரிசல் விழுந்து நிலம் இறங்கியதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். தங்குமிடத்தை அங்கே எடுப்பதா, வேறு ஊரில் எடுப்பதா என்று போகும் நேரத்து நிலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு நாள் முழுதாகக் காலியாக இருக்கட்டும்.

கஞ்சன்ஜங்கா: கோச்சாலா வழி

மூன்றில் காட்சி என்று பார்த்தால் இதுதான் முதலிடம். முதல் காட்சிமுனையில் விடியலில் நின்றால், கிழக்கே எழும் சூரியன் கஞ்சன்ஜங்காவின் முகத்தில் நேராக விழுகிறது. நந்தா தேவிக்கு மாலை என்றால் இதற்குக் காலை.

ஏறிய வரலாறும் மற்ற மலைகளைப்போல் வெற்றிக்கொடி நாட்டிய கதையாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகின் மிக உயரமான மலை இதுதான் என்று நம்பினார்கள். 1905-ல் முதல் முயற்சி பனிச்சரிவில் நான்கு உயிர்களைப் பறித்துக்கொண்டு நின்றது. 1929-லும் 1931-லும் பால் பாவரின் ஜெர்மன் குழு வடகிழக்கு முகட்டில் பனியைக் குடைந்து குடைந்து ஏறித் தோற்றது. 1955 மே 25 அன்று நேபாளப் பக்கத்திலிருந்து ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் உச்சிக்குச் சில அடிகள் கீழே நின்றுவிட்டார்கள். உச்சியை மிதிக்க மாட்டோம் என்று குழுத்தலைவர் சார்லஸ் எவன்ஸ் சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் இடம். பின்னால் ஏறிய பலரும் அந்த வாக்கைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். பாவர் தோற்ற அதே முகட்டை 1977-ல் கர்னல் நரேந்திர குமார் தலைமையிலான இந்திய ராணுவக் குழு வென்றது. மே 31 அன்று மேஜர் பிரேம் சந்தும் நாயக் நிமா தோர்ஜே ஷெர்பாவும் மேலே போனார்கள். இப்போது சிக்கிம் பக்கத்திலிருந்து ஏற அனுமதி இல்லை.

இந்த வழியில்தான் நாங்கள் தவறினோம். சோகா என்ற இடம் சுமார் 3,000 மீட்டர், அடுத்து வரும் சோங்ரி சுமார் 4,000. மேலே சொன்ன 500 மீட்டர் விதி இங்கே ஒரே நாளில் இரண்டு மடங்கு உடைகிறது. அதற்காகவே சோங்ரியில் ஓய்வு நாள் வைப்பார்கள். எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் செலவைக் குறைக்க அந்த நாளை எடுத்துவிட்டிருந்தார்கள். நாங்களும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டோம். எங்கள் குழுவில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு எல்லோரையும் முந்தி ஏறும் நண்பன் ஒருவன் இருந்தான். சோங்ரியில் இரவு சாப்பாடு வேண்டாம் என்றான். தலைவலி என்றான். காலையில் குடிலின் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டப் பார்த்தான். இரண்டு முனையையும் கையில் எடுப்பான், ஒன்றின்மேல் ஒன்றை வைப்பான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றையே பார்ப்பான். நான்கு முறை. எழுந்தபோது கால் பின்னியது. மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதன் அடையாளம் அது என்று சமையல்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். டீ கூடக் குடிக்காமல் அவனை இருவர் தாங்கிச் சோகாவுக்கு இறக்கினோம். 3,000 மீட்டர் வந்ததும் அவனே கயிற்றைக் கட்டினான். வேகமாக ஏறுபவனுக்கு வராது என்று அதுவரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அறியாமை என்று அன்று தெரிந்தது. மறு ஆண்டு ஓய்வு நாளோடு போய் அந்த விடியலைப் பார்த்தோம்.

ஆகவே கோச்சாலாவின் மறைந்த செலவு அந்த ஓய்வு நாள். அதை யாரும் எடுக்க விடாதீர்கள். இதோடு தேசியப் பூங்கா அனுமதி, கட்டாய வழிகாட்டி, சுமைக்கு யாக் கலப்பின மாடுகள் ஆகியவை சேரும். வண்டி போகும் சாலை, நடை தொடங்கும் யுக்சம் ஊரோடு முடிகிறது. மேலே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நடந்தோ தூக்கிக்கொண்டோதான் இறங்க வேண்டும். ரயிலில் ஒரு வசதி உண்டு: கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகவே நியூ ஜல்பாய்குரிக்குப் போகிறது, இரண்டு இரவு. அங்கிருந்து யுக்சமுக்கு ஜீப்பில் ஒரு முழு நாள். 2023 அக்டோபரில் தீஸ்தா ஆற்று வெள்ளம் நெடுஞ்சாலையை அரித்ததிலிருந்து அந்தப் பாதை மழையில் அடிக்கடி அடைபடுகிறது.

எவரெஸ்ட்: அடிவார முகாம்

எல்லோருக்கும் தெரிந்த மலை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு செய்தி மட்டும் தமிழர்களுக்கு நெருக்கமானது. 1802-ல் சென்னைப் பறங்கிமலைக்கு அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்ததுதான், இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் முக்கோண அளவை. அதன் கணக்கில்தான் 1852-ல் அதன் கணிதர் ராதாநாத் சிக்தார், அப்போது 'பதினைந்தாம் சிகரம்' எனப்பட்ட எவரெஸ்ட் உலகிலேயே உயரமானது என்று கண்டார். 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் நின்றது அந்தச் சிகரத்தில்.

முக்கியமான ஏமாற்றம் ஒன்று உண்டு. அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட்டின் உச்சி தெரியாது. அதைப் பார்க்க அருகிலுள்ள காலா பத்தர் என்ற மேட்டில் ஏற வேண்டும். அங்கும் பக்கத்து நுப்ட்சே சிகரம் முன்னால் பெரிதாக நின்று மறைத்துக்கொள்கிறது. சிகரத்தின் எதிரே நிற்கும் அனுபவம் என்றால் மூன்றில் இதற்குத்தான் கடைசி இடம்.

ஆனால் பலர் நினைப்பதுபோல் உடம்புக்கு இது மூன்றில் மோசமானது என்று சொல்ல மாட்டேன். விமானம் இறங்கும் லுக்லாவில் 2,860 மீட்டரில் தொடங்கி, வழியிலுள்ள நாம்சே ஊரில் ஒரு நாள், டிங்போசே ஊரில் ஒரு நாள் என்று ஓய்வு வைத்து ஏறும் வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. கூடாரமும் இல்லை, கட்டிலில் படுக்கலாம். பருவத்தில் வழியிலேயே மருத்துவ உதவியும் கிடைக்கும். ஆனாலும் கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பில் 5,164 மீட்டரில் ஓர் இரவு. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

செலவுதான் கையைக் கடிக்கும். லுக்லா விமானம் மேகம் வந்தால் பறக்காது. இரண்டு மூன்று நாள் காத்திருந்தவர்கள் ஏராளம். உயரம் கூடக் கூட சாப்பாடு, வெந்நீர், போன் சார்ஜ் எல்லாவற்றின் விலையும் கூடும். ஹெலிகாப்டர் மீட்பை ஏற்கும் காப்பீடு இல்லாமல் போகக் கூடாது. பாலிசியில் எத்தனை மீட்டர்வரை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பூங்கா நுழைவுக் கட்டணமும் மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. ஆனால் விமானத்தில் நேபாளம் போக ஆதார் அட்டை செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும்.

யாருக்கு எது

இதுவரை 3,000 மீட்டரில் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்பும் இல்லை என்றால் குவாரி பாஸ். அடிவாரத்தில் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். உங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை, ஒரே பகலில் சாலைக்கு இறங்கிவிடலாம். அம்மா அப்பாவோடு போக வேண்டும் என்றாலும் இதையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் ஔலியில் விடுதியிலேயே தங்கி நந்தா தேவியைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஒரு முறை உயரத்தில் படுத்து எழுந்தவர், குளிரும் ஈரமும் பொறுப்பவர், 16 நாள் எடுக்கக்கூடியவர் என்றால் கோச்சாலா. என் மனம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் முதல் பயணமாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த வாசற்படிக் காட்சி இன்னும் மறக்கவில்லை.

பணமும் மூன்று வாரமும் இருக்கிறது, கூடாரத்தில் படுக்க முடியாது, எவரெஸ்ட் என்ற பெயரே சிறு வயதிலிருந்து மனதில் நிற்கிறது என்றால் தயங்காமல் எவரெஸ்ட் வழியில் போங்கள். அந்த ஆசைக்கு வேறு மலை ஈடாகாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாங்கும் ஷூவை இங்கேயே சோதித்துவிடுங்கள். ஏறும்போது எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். சேர்வராயன் கோயிலிலிருந்து அடிவாரம்வரை, ஏழெட்டு கிலோ பையோடு, இரண்டு காலுறை போட்டுக்கொண்டு இறங்குங்கள். பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்தால் அந்த ஷூ அரை அளவு சிறியது. இதை இரண்டு மாதம் முன்பே செய்தால் மாற்றிப் பழக நேரம் இருக்கும். ரயில் முன்பதிவும் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நவம்பர் முதல் வாரம் கிளம்புகிறவர்கள் செப்டம்பர் முதல் வாரத்திலேயே டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.